ஒரு சொம்புத் தண்ணீர்

விடியற்காலை நாலரை மணிக்கு என் மகன் முகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். பிளஸ் ஒன் படிக்கிற பையன். "இந்த வயசுல இன்னும் என்னடா தூக்கம்?" என்று கத்தினேன். திடுக்கிட்டு எழுந்தவன், நனைந்த பாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. கீழ்பென்னாத்தூரில் மாடு வைத்திருக்கிற வீடு எங்களுடையது. ஐந்து மணிக்குப் பால் கேன் சொசைட்டிக்குப் போயாக வேண்டும். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

அம்மாவோ இரண்டு மணிக்கே எழுந்து பாத்திரம் உருட்டுவார். "தூக்கம் வரலேப்பா" என்பார். அவரையும் திட்டினேன்.

ஒருநாள் அம்மா மயங்கி விழுந்தார். திருவண்ணாமலையில், மூளையின் அலையைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார்கள். நரைத்த முடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தடவி, ஒயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினாள் அங்கிருந்த பெண். "கண்ண மூடுங்க பாட்டி" என்றதும் திரையில் கோடுகள் சீராக ஏறி இறங்கின. வினாடிக்கு ஒன்பது. நடுவயதில் பத்து ஓடும், முதுமையில் கொஞ்சம் குறையும், ஒரு வயதுக் குழந்தைக்கு ஐந்தாறுதான் என்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

தேடித் தேடிப் படித்தேன். 1924-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனித மூளையின் அலையைப் பதிவு செய்தார். தன் மகனின் தலையிலும் கருவியை வைத்துப் பார்த்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதீம் ரே குழுவினர், 50 வயதைத் தாண்டியவர்களுக்குக் கோடு போட்ட படங்களைக் காட்டி மூளை அலைகளை அளந்திருக்கிறார்கள். வயது ஏற ஏற, காமா என்ற வேகமான அலை வலுக்குறைகிறது.

என்னைச் சுட்டது வேறு. பருவ வயதில் ஆழ்ந்த தூக்கத்தின் பெரிய அலைகள் பாதிக்கு மேல் அடங்கிவிடுகின்றனவாம். மூளை தனக்கு வேண்டாத இணைப்புகளைக் களை பறிப்பதுபோல் பறிக்கிற காலம் அது. தூக்கத்தைக் கூட்டிவரும் மெலட்டோனினும் அந்த வயதில் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. பத்து மணிக்குப் படு என்றால் அவனுக்குத் தூக்கம் வராது. நாலரைக்கு எழு என்றால் அது அவனுக்கு நடுநிசி. முதுமையில் இந்த நேரக்கணக்கு தலைகீழ்: ஆழ்ந்த தூக்கம் இன்னும் மெலிந்து, விழிப்பு முந்திக்கொள்கிறது. இருவர் மேலும் தப்பில்லை. தப்பு என்னுடையது.

மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா" என்றான். இப்போது அவன் ஆறரைக்கு எழுகிறான். பால் கேனை நான் தூக்குகிறேன். அவன் எழும்வரை திண்ணையில் அம்மா எனக்குத் துணை.