குளிரோடு நாற்பது வருடம்

நாற்பது வருடம் ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்த்தவன் நான். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படித்து, அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சில வருடம் வேலை செய்து, பிறகு பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் சொந்தமாகச் சின்னதாக ஒரு கடை போட்டேன். கறிக்கடை ஃப்ரீசர், பால் கடைப் பெட்டி, கல்யாண மண்டபத்து ஐஸ்கிரீம் பெட்டி என்று கரையான்சாவடியிலிருந்து நசரத்பேட்டை வரை நான் கை வைக்காத பெட்டி குறைவு. பெரிய படிப்பு கிடையாது. ஆனால் குளிர் எப்படி வரும், எப்படிப் போகும், எதைக் கெடுக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் என் பேத்திக்கு ஒரு கூரியர் வந்தது. அவளுக்கு வயது 24. தை மாதம் நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்திருந்தோம். பெட்டியைப் பிரித்தால் இடுப்பில் கட்டும் கறுப்புப் பட்டை ஒன்று, அதற்குள் செருகுவதற்கு நீல நிற ஜெல் பைகள் நான்கு.

"இத ராத்திரி ஃப்ரீசர்ல வச்சிட்டு காலையில வயித்துல கட்டிக்கணும் தாத்தா. கொழுப்பு உறைஞ்சி செத்துடுமாம். ஒரு மாசத்துல நாலு இஞ்ச் குறையுமாம்."

"எவ்ளோ குடுத்த?"

"மூவாயிரத்து ஐநூறு."

நான் திட்டவில்லை. பரணில் இருந்த டூல்ஸ் பெட்டியை இறக்கி, டெம்பரேச்சர் பார்க்கும் மீட்டரை எடுத்தேன். "நாளைக்குக் காலையில ரெண்டு பேருமா அளந்து பாத்துடலாம் வா" என்றேன்.

மறுநாள் ஃப்ரீசரிலிருந்து எடுத்தபோது ஜெல் பை மைனஸ் 15 டிகிரி காட்டியது. அவள் வயிற்றில் வேண்டாம் என்று என் வயிற்றிலேயே துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் பட்டையைக் கட்டினேன். மீட்டரின் முனை துண்டுக்கும் தோலுக்கும் நடுவில். அஞ்சு நிமிஷத்தில் 17 டிகிரி. கால் மணி நேரம் கழித்து 19. அரை மணியில் 23. பட்டையின் வெளிப்பக்கம் வியர்த்துத் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவள் ஒவ்வொரு எண்ணையும் போனில் குறித்துக்கொண்டாள்.

"ஃப்ரிட்ஜ் கதவத் தெறந்து வச்சிட்டா என்னம்மா ஆவும்?" என்று கேட்டேன். "உள்ள குளிரே நிக்காது." அதேதான். நம் உடம்பு 37 டிகிரியில் ஓயாமல் ஓடுகிற அடுப்பு. தோலில் குளிர் பட்டதும் ரத்தம் சூட்டைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். நாலு ஜெல் பை அந்த அடுப்போடு எவ்வளவு நேரம் போராடும்?

"அப்ப துண்டு இல்லாம கட்டுனா?" என்றாள். அதற்கு என் இடது புறங்கையைக் காட்டினேன். 22 வயதில் ஒரு ஏசிக்கு ஆர்-22 கேஸ் ஏற்றும்போது குழாய் கழன்று, திரவமாக இருந்த கேஸ் கையில் பீறிட்டது. மைனஸ் 40 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு அது. நெருப்புப் பட்டதுபோல் கொப்புளம் எழும்பி, தோல் உரிந்து, ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆனது. எட்டணா அளவுக்கு வெளுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஃப்ரீசர் ஐஸ் அவ்வளவு கொடியது இல்லைதான். ஆனால் அதையும் வெறும் தோலில் வைத்துக் கட்டிவிட்டு அரை மணி நேரம் படுத்திருந்தால் புண்ணாக்கிவிடும். குளிரும் சுடும். துண்டைப் போட்டுக் கட்டினால் கொழுப்புக்குக் குளிர் போய்ச் சேராது. துண்டை எடுத்துவிட்டால் முதலில் வேகப் போவது தோல். வீட்டுப் பட்டையின் முழுக் கதையும் இதுதான்.

கொழுப்பைக் குளிரால் அழிக்கலாம் என்பதே பொய்யா என்று அவள் கேட்டாள். இல்லை, உண்மை இருக்கிறது. மார்கழிக் காலையில் அடுக்களையில் நெய் உறைந்திருக்கும், தேங்காய் எண்ணெய் கட்டியாகியிருக்கும். பக்கத்துச் சொம்பில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். நம் உடம்பிலும் அப்படித்தான். தோலும் சதையும் தாங்குகிற குளிரைக் கொழுப்பு அணுக்கள் தாங்காது. குச்சி ஐஸைச் சப்பிக்கொண்டே இருந்த குழந்தைக்குக் கன்னத்துக் கொழுப்பு கெட்டுப்போனதை 1970-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டுதான் பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டீட்டர் மான்ஸ்டீன், ராக்ஸ் ஆண்டர்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள். 2010-இல் இடுப்போரச் சதைக்கு அதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

அந்த முறைக்கான மெஷின் செய்வதைக் கேளுங்கள். சதையை உறிஞ்சி இழுத்து, ரத்த ஓட்டத்தைக் குறைத்து, தோலுக்குக் காப்பாக ஒரு ஜெல் விரிப்பைப் போட்டு, சுழியத்துக்குக் கீழே குறித்த குளிரில் 35 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஏறாமல் இறங்காமல் பிடித்து வைக்கிறது. தோல் உறையப் பார்த்தால் சென்சார் கண்டுபிடித்து நிறுத்திவிடும். இத்தனையும் செய்தபின், அந்த ஒரு இடத்துக் கொழுப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோதான் போகும், அதற்கும் இரண்டு மூன்று மாதம் ஆகும். எடை குறைப்பதற்கான சிகிச்சை அது இல்லை என்பதை அதைச் செய்கிற மருத்துவர்களே சொல்கிறார்கள்.

அந்த நல்ல மெஷினிலும் ஆபத்து உண்டு. கனடாவில் பிறந்து உலகம் முழுக்கப் பேர் வாங்கிய மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா 2015, 2016-இல் ஏழு முறை அந்தச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். அவருக்குக் குளிர் பட்ட இடத்தில் கொழுப்பு சாவதற்குப் பதில் கட்டியாகத் திரண்டு வளர்ந்தது. அறுவை சிகிச்சை செய்தும் முழுதாகச் சரியாகவில்லை. வருஷக்கணக்கில் வெளியே தலை காட்டாமல் இருந்து, 2021 செப்டம்பரில்தான் அதைச் சொன்னார். அழகைத் தொழிலாகக் கொண்டவருக்கே இந்தக் கதி.

என் பேத்திக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2005 வாக்கில், சர்க்கரை ஆரம்பிக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அப்போது ராத்திரி டி.வி.யில் சூடேற்றும் பெல்ட் ஒன்றை மணிக்கணக்கில் காட்டுவார்கள். போன் போட்டு வாங்கினேன். மூன்று மாதம் கட்டினேன். வியர்வை கொட்டும், உடனே எடை பார்த்தால் முக்கால் கிலோ குறைந்திருக்கும். ஒரு செம்பு தண்ணீர் குடித்து, சாப்பிட்டு எழுந்தால் பழைய எடை. போனது உடம்பின் தண்ணீர். கொழுப்பு அப்படியே இருந்தது. நடந்திருக்க வேண்டிய மூன்று மாதத்தை நாற்காலியில் உட்கார்ந்து தொலைத்தேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. இன்றுவரை மாத்திரை சாப்பிடுகிறேன்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். நாள் போனால் வராது. உயிர் போனால்? 2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கத்தில் 17 வயதுப் பையன் ஒருவன், கல்லூரியில் சேருவதற்குள் இளைத்துவிட வேண்டும் என்று, யூடியூபில் பார்த்ததை நம்பி மூன்று மாதம் பழச்சாறு மட்டுமே குடித்தான். மூச்சுத் திணறி இறந்துபோனான். 2026 ஜனவரியில் மதுரையில் 19 வயது மாணவி ஒருத்தி, உடம்பு இளைக்கும் என்று யூடியூபில் பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் வாங்கிச் சாப்பிட்டு இறந்தாள். இரண்டு செய்தியையும் படித்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்? நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். சீக்கிரம் ஆகும் என்று யாரோ சொன்னதை நம்பினார்கள்.

இப்படி ஏமாற்றுவார்கள் என்று தெரிந்துதான் 1954-இலேயே நம் நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். இன்னின்ன நோயைத் தீர்க்கும் என்று மருந்துக்கோ மாய சிகிச்சைக்கோ விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உடல் பருமனும் உண்டு. எழுபது வருடம் ஆகிவிட்டது. விளம்பரம் சுவரிலிருந்து டி.வி.க்கும், டி.வி.யிலிருந்து போனுக்கும் இடம் மாறியிருக்கிறது.

சரி, கொழுப்பு எப்படித்தான் போகும்? கணக்குச் சொல்கிறேன். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் சாப்பாட்டிலும் நடையிலுமாகச் சேர்த்து 500 கலோரி மிச்சம் பிடித்தால் வாரத்துக்கு அரைக் கிலோ போகலாம். அதுவும் ஒரே சீராகப் போகாது. போகிற கொழுப்பு எந்த வழியாகப் போகிறது என்று 2014-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பத்துக் கிலோ கொழுப்பு எரிந்தால் எட்டுக் கிலோவுக்கு மேல் நாம் விடுகிற மூச்சில் கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது, மீதி தண்ணீராகப் போகிறது. மூச்சு மூச்சாகப் போக வேண்டிய ஒன்றைப் பட்டை கட்டி ஒரு மாதத்தில் விரட்ட முடியுமா?

பட்டையை அளந்த அன்று நான் பேசி முடித்தபோது பேத்தி ஒன்று சொன்னாள். "எனக்குத் தெரியும் தாத்தா. ஆனா பொண்ணு பாக்க வந்தப்ப அவங்க அத்தை, 'பொண்ணு கொஞ்சம் பூசுனாப்ல இருக்கு, கல்யாணத்துக்குள்ள கொறைச்சிடும்மா'ன்னு சொன்னாங்கல்ல. நீங்களும் சிரிச்சீங்க."

அன்று நான் சிரித்தது நிஜம். சம்பந்தி வீட்டார் மனம் நோகக் கூடாது என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பின் விலைதான் மூவாயிரத்து ஐநூறு. பிள்ளைகளை அந்தக் கூரியர் பெட்டியிடம் அனுப்புவது விளம்பரம் மட்டும் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், கோயில் வாசலில், நாலு பேர் எதிரில், "என்னடி இப்படி குண்டாயிட்ட" என்று கேட்கிற நம் வாயும்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் எடை அதிகம். பத்தில் நாலு பேருக்கு இருக்கிற ஒன்றை ஒரு பெண்ணின் தனிக் குற்றமாக எப்படிப் பேசுகிறோம்? நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பையன் வீட்டுக்கும் போன் செய்து, "எங்க பொண்ணு இப்படியேதான் இருப்பா, மனசுக்குச் சம்மதம்னா பேசலாம்" என்று சொன்னேன். அந்தப் பையனே போனை வாங்கி, "எனக்குச் சம்மதம் தாத்தா" என்றான். நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது.

அதற்கு முன்பே பேத்தியை டாக்டரிடம் அழைத்துப் போனோம். ரத்தம் பார்த்ததில் தைராய்டு கோளாறு தெரிந்தது. பட்டை கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்திருந்தால் அது தெரிந்தே இருக்காது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். காலையில் நானும் அவளும் வரதராஜப் பெருமாள் கோயில் வரை நடந்து திரும்புகிறோம். எங்கள் பூந்தமல்லியில் பிறந்த பெருமாள் அடியார் திருக்கச்சி நம்பி இங்கே பூப் பறித்து எடுத்துக்கொண்டு காஞ்சிப் பெருமாளுக்குத் தினமும் போய்ச் சேர்த்தார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஒரே நாளில் செய்து முடித்த தொண்டால் அவர் பேர் நிலைக்கவில்லை. விடாமல் செய்ததால் நிலைத்தது. அதை நடக்கும்போது அவளுக்குச் சொன்னேன். அஞ்சு மாதத்தில் அவளுக்கு மூன்று கிலோ குறைந்திருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவதில்லை.

பிள்ளைகளே, வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எப்படி வேலை செய்கிறது என்று விற்கிறவனால் உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முடிகிறதா? கெடுதல் வந்தால் பொறுப்பேற்க ஒரு ஆள், ஒரு முகவரி இருக்கிறதா? உங்களைப் பரிசோதித்த ஒரு டாக்டர் இதைச் சரி என்று சொன்னாரா? ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் பணத்தை எடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். இப்போது பேசப்படுகிற எடைக்குறைப்பு ஊசியாக இருந்தாலும், அறுவை சிகிச்சையாக இருந்தாலும், அது தேவைப்படுகிறவர்கள் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். போனில் வருகிற வீடியோ இல்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளையைப் பார்த்ததும் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். "நல்லா இருக்கியாம்மா, சாப்டியா?" என்று கேளுங்கள். அது போதும்.