‘மஞ்சட் சுவர்க்காகிதம்’ பற்றிச் சில அபிப்பிராயங்கள்

அமெரிக்க அம்மையார் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய கதைத் தொகுப்பொன்று அண்மையில் நம் கைக்குக் கிட்டிற்று. ஆங்கிலங் கற்ற பயனாக மூலத்திலேயே படித்தோம். தோட்டத்துச் செக்ரோல் கணக்கை முடித்தபின் இரவிலே இருமுறை படித்தோம் என்பதையும் மறைப்பானேன்?

அதன் தலைமைக் கதை 1892-ம் ஆண்டு ஜனவரியில் வெளியான ‘மஞ்சட் சுவர்க்காகிதம்’. பிள்ளை பெற்றுச் சோர்ந்த மனைவியை, வைத்தியனான கணவன், ஓய்வே மருந்தென்று ஓர் அறையில் இருத்துகிறான். எழுதவும் தடை. அவளோ சுவர்க்காகிதத்தின் பின்னே ஒரு பெண் சிறைப்பட்டிருக்கக் கண்டு, அதைக் கிழித்துச் சித்தங் கலங்குகிறாள். இது அம்மையார் தாமே ஓரளவு பட்ட பாடு. 1887-ல் டாக்டர் வேயர் மிட்செல், நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் அறிவு வேலை கூடாது, ஆயுளுள்ளவரை பேனாவைத் தொடலாகாது என்று விதித்தார். அவ்விதியை மீறியதனாலன்றோ இக்கதை பிறந்தது!

இதைப் படித்தோர் ஒரே குரலிற் பேசவில்லை. பிறரையும் துயருறுத்த மனமில்லையென்று ஒரு பத்திராதிபர் திருப்பியனுப்பினார். பாஸ்டன் வைத்தியரொருவர், இத்தகைய கதை எழுதப்படவே கூடாதென்றார். கான்ஸஸ் வைத்தியர் ஒருவரோ, சித்தப்பிரமையின் தொடக்கத்தை இவ்வளவு சரியாக எவரும் வரைந்ததில்லையென்று மெச்சினார். பலகாலம் இது பயங்கரக் கதையாகவும் எண்ணப்பட்டது. 1973-ல் தனி நூலாக மீண்டும் அச்சேறிய பின்னரே, பெண்ணடிமையைக் காட்டுங் கதையென்று பரவலாகப் போற்றப்பட்டது.

1989-ல் சூசன் லான்சர் என்ற பேராசிரியை வேறொன்று கேட்டார்: ஏன் மஞ்சள்? நமக்கு அது மங்கல நிறம். அக்காலத்து அமெரிக்க வெள்ளையர்க்கோ அது சீனர் முதலிய குடியேறிகளைப் பற்றிய அச்சத்தோடு ஒட்டிய நிறம் என்பது அவர் வாதம். கதைக்குள் அவ்வளவு இருக்கிறதா என்பது நமக்கு ஐயமே. ஆனால் அம்மையாரின் மனத்தில் இருந்ததில் ஐயமில்லை. 1908-ல் அவர் எழுதிய கட்டுரையொன்று, ‘முன்னேறாத’ நீக்ரோ மக்களைத் திரட்டிக் கட்டாய வேலையில் அமர்த்தலாம் என்று யோசனை கூறுகிறது. சஞ்சிக்கூலியாய்க் கப்பலேறி வந்தவர் வழியிற் பிறந்த நாம் அதை எப்படிப் பொறுப்பது? பட்டணத்து நண்பரொருவர் நூலையே எறியச் சொன்னார். நாம் எறியவில்லை. ஒரு சிறையை அத்துணைத் தெளிவாகக் கண்ட கண், மற்றொரு சிறையைக் கட்டச் சொன்னதையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது நம் எண்ணம்.

ஆயினும் யாவரினும் நம்மைத் திகைக்கவைத்தவர் நம் அன்னையார். பால்மரங்கள் போய்ச் செம்பனை வருமுன், விடியுமுன்னே பிரட்டுக்கு நின்று, நம்மை ஆயாக்கொட்டகையில் விட்டு மரம்வெட்டப் போனவர். கதையைத் தமிழிற் சொன்னோம். ஓய்வு கொடுத்ததையா ஒரு குறையென்று கேட்பாரென எதிர்பார்த்தோம். அவர் அப்படிக் கேட்கவில்லை.

“சும்மா கெடன்னு சொல்றதும் அதிகாரந்தானே ஐயா,” என்றார். சற்றுப் பொறுத்து, “அதுவரைக்கும் பிள்ளைய யாரு பாத்தா?” என்று கேட்டார்.

மேரி என்றொரு பெண் பார்த்துக்கொண்டதாகக் கதையில் வருகிறது என்றோம்.

“அவளுக்குப் பிள்ளை இருந்துச்சா?”

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். மேரியைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் இல்லை.