டுரியான் கூடை

காப்பார்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. ஆபீசில் தன் வேலை முடிந்த ஒருவர் உன் மேசைக்கடியில் ஒரு கூடை டுரியான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "பழம்தானே மாமா, பணமா கொடுத்தாரு?" என்றாய். பக்கத்தில் உன் அத்தை இருந்ததால் அப்போது பேசவில்லை.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். லஞ்ச வழக்கில் கூண்டில் நின்றவர்கள் "கோப்பிக் காசுதானே துவான்" என்று சொன்னதை எத்தனையோ முறை மலாயில் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

நம் சிலாங்கூரில் நடந்ததையே எடுத்துக்கொள். கீர் தோயோ மந்திரி பெசாராக இருந்தபோது, 2007-இல், ஷா ஆலம் செக்‌ஷன் 7-இல் நிலமும் வீடும் வாங்கினார். கவரில் பணம் வாங்கியதாக வழக்கு இல்லை. காசு கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் விற்ற கம்பெனி 65 லட்சம் வெள்ளிக்கு வாங்கிய சொத்தை அவருக்கு 35 லட்சத்துக்குக் கொடுத்தது. அவருடைய பதவியோடு தொடர்புள்ளவரிடம், விலை குறைவு என்று தெரிந்தே வாங்கினார் என்பதுதான் குற்றச்சாட்டு. தண்டனைச் சட்டம் 165-ஆவது பிரிவு. டுரியானுக்காவது வாசனை உண்டு, ஒளிக்க முடியாது. குறைந்த 30 லட்சத்துக்கு வாசனை ஏது?

2011 டிசம்பர் 23-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் 12 மாதச் சிறை விதித்தது; வீட்டையும் நிலத்தையும் பறிமுதல் செய்யச் சொன்னது. 2013 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். 2015 செப்டம்பர் 25-இல் கூட்டரசு நீதிமன்றமும் கைவிரித்தது. பிறகு காஜாங் சிறை.

"பெரிய ஆளு, நாலு வருஷத்தை ஓட்டிட்டாரு" என்பார் உன் அப்பா. எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. ஆனாலும் மேல்முறையீடு வெறும் இழுத்தடிப்பு இல்லை. அங்கே சாட்சிகள் மறுபடி வந்து நிற்பதில்லை. கட்டுக்கட்டாக வழக்குப் பதிவேடு மேசைக்கு வரும். கீழ்க்கோர்ட்டு எங்கே தவறியது என்று நீதிபதிகள் அதில் தேடுவார்கள். முன்னாள் அமைச்சர் தெங்கு அட்னானுக்கும் அதே 165-ஆவது பிரிவில், 20 லட்சம் வெள்ளி வாங்கியதாக, 2020 டிசம்பரில் அதே 12 மாதம் கிடைத்தது. கட்சிக்கு வந்த நன்கொடை என்று வாதாடினார். 2021 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவரில் இருவர் அவரை விடுவித்தார்கள்; ஒருவர் உடன்படவில்லை. படித்த நீதிபதிகளே பிரிந்து நிற்கிற இடம் அது, பாப்பா. அந்த இடத்துக்கு நீ போகவே வேண்டாம்.

இன்னொன்று. வாங்காமல் இருந்தால் மட்டும் போதாது. ஊழல் தடுப்பு ஆணைய (எஸ்பிஆர்எம்) சட்டம் 25-ஆவது பிரிவின்படி, லஞ்சம் நீட்டப்பட்டாலே எஸ்பிஆர்எம் அதிகாரியிடமோ போலீசிடமோ சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கூடையில் கை வைக்காதே. காலையில் முதல் வேலையாக மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, எஸ்பிஆர்எம்முக்கும் தகவல் சொல். நகலில் சாப் வாங்கி வைத்துக்கொள். சனிக்கிழமை இங்கே வா. பாசாரில் நானே டுரியான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா