ஐவரியா, சாம்பலா?

மேட்டர் சின்னதுதான் மக்களே. அப்பாவோட ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கணும். ஷேட் கார்டைப் புரட்டிப் புரட்டி ரெண்டு கலர்ல வந்து நிக்கிறோம். ஒண்ணு ஐவரி, இன்னொண்ணு வெளிர் சாம்பல். வீடு திருவொற்றியூர்ல. கிழக்கே கடல், வடக்கே எண்ணூர்.

என் ஓட்டு சாம்பலுக்கு. அழுக்கு தெரியாதுல்ல! ராயபுரத்துல பெரியம்மா வீட்டுக் கொடியில காயுற வேட்டி ஒரு காலத்துல கருப்புப் பொடியோடதான் உள்ளே வரும். துறைமுகத்து நிலக்கரி. உயர்நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம் 2011 அக்டோபர்ல சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்றதை நிறுத்தினாங்க. பெரியம்மா தப்பிச்சாங்க. நிலக்கரி? எண்ணூர் துறைமுகத்துக்கு. அதாவது எங்களுக்கு வடக்குப் பக்கம் :-)

சரி, கலருக்கு வருவோம். கார்டுல இருக்கிற துண்டை நம்பாதீங்க. சாம்பிள் டப்பா வாங்கி ரெண்டடிக்கு ரெண்டடி சுவர்லயே அடிச்சுப் பார்த்தோம். அப்பா ரூம் ஜன்னல் வடக்குப் பக்கம். வருஷத்துல பாதிக்கு மேல நேர் வெயில் கிடையாது, வானத்து வெளிச்சம் மட்டும்தான். அதுல சாம்பல் லேசா நீலம் பாய்ஞ்சு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆயிடுச்சு. ஐவரி பரவாயில்லை. ராத்திரி மஞ்சள் பல்பு போட்டா அதுவே வெண்ணெய் மாதிரி. வெளிச்சத்தைத் திருப்பித் தர்றதுலயும் ஐவரிதான் மேல. சின்ன ரூமுக்கு இது பெரிய விஷயம்.

ஆனா முடிவு பண்ணது இதெல்லாம் இல்ல. அப்பாவுக்கு வீசிங். தினமும் காலைல ஜன்னலுக்குக் கீழே சுவர்ல விரலால ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். விரல் கருத்தா அன்னைக்கு ஜன்னல் திறக்கறதில்லை, இன்ஹேலர் சட்டைப் பைக்குப் போயிடும். "சாம்பல் அடிச்சா தூசி வராதாடா? வர்றது தெரியாது, அவ்ளோதானே"ன்னார். அதுக்கு மேல நான் வாயைத் திறக்கல.

ஐவரிதான். துடைக்கிற மாதிரி லேசான பளபளப்பு உள்ள எமல்ஷன். சுத்த மேட்னா துடைக்கத் துடைக்கத் திட்டுத் திட்டா நிக்கும். அதுக்கு முன்னாடி கடல்காத்துல உப்புப் பூத்த இடமெல்லாம் சுரண்டி, நல்லா காயவிட்டு, ப்ரைமர். அந்தக் காலத்துல பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்புல நீலம் கலந்து அடிச்சா முடிஞ்சுது, இந்தப் பஞ்சாயத்தே கிடையாது.

வியாழக்கிழமை பெயிண்டர் வர்றார். ஜன்னலுக்குக் கீழே ஒரு அடி மட்டும் சாம்பல் அடிக்கலாமான்னு கேட்டுப் பார்த்தேன். அப்பா முறைச்சார்.