நங்கூரம் பாரத்தில் பிடிப்பதில்லை

அம்பாறைக் கரையை வரைபடத்தில் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி இருக்கும். மருதமுனையில் இருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று அக்கரைப்பற்று வரைக்கும் ஒரே மணல். திருகோணமலைக்கு வாய்த்த மாதிரி ஒரு குடா எங்களுக்கு வாய்க்கவில்லை. சின்ன ஃபைபர் போட்டுகளைத் தள்ளிக் கரையில் ஏற்றுகிறோம். பெரிய ஆழ்கடல் போட்டுகள் கரைக்கு வர ஏலாமல் வெளியே நங்கூரத்தில் நிற்கின்றன. மாரியில் வாடை அடிக்கிறபோது நங்கூரக் கயிறு அறுந்து கரையில் மோதிக் கிடக்கும் போட்டுகளின் படங்களை முகநூலில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒலுவிலில் ஒரு துறைமுகம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நான் படிக்கிற பல்கலைக்கழகமும் அதே ஊரில்தான் இருக்கிறது. டென்மார்க்கின் கடனுதவியில் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். கரை வழியாக ஓடுகிற மணலை அலைதடுப்புச் சுவர் மறித்தது. மணல் வாயிலில் சேர்ந்தது, வடக்குப் பக்கம் கடல் கரையைத் தின்றது. புவியியல் வகுப்பில் இதை ஓர் உதாரணமாகப் படிக்கிறோம். வகுப்புக்கு வெளியே அதன் அர்த்தம் இன்னும் நேரானது: எங்கள் போட்டுகளுக்கு நம்பி ஒதுங்க ஓர் இடம் இல்லை. போட்டின் முன்பக்கத்தில் சுருண்டு கிடக்கிற கயிறும் இரும்பும்தான் துறைமுகம்.

இந்த வருடம் என் மாமா அந்தக் கயிறையும் இரும்பையும் புதிதாக வாங்க வேண்டி வந்தது. மாமாவின் போட் 18 அடி ஃபைபர், 15 குதிரைவலு என்ஜின். பழைய நங்கூரம் கடலுக்குள் போன கதையைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

கச்சான் காலத்தில் எங்கள் பக்கம் காற்று தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும். காலையில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு அது பயமில்லாத கடல். ஆனால் என்ஜின் நின்றால் அதே காற்று போட்டை வெளியே வெளியே தள்ளிக்கொண்டு போகும். கிழக்குக் கரையில் கண்டமேடை ஒடுங்கியது, கொஞ்சத் தூரத்திலேயே ஆழம் விழுந்துவிடும். நங்கூரம் தரையைத் தொடுகிற நேரம் சில மணித்தியாலம்தான். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல நங்கூரமும் தண்ணீரில் தொங்குகிற ஓர் இரும்புத் துண்டு.

போன கச்சானில் மாமாவும் மச்சானும் போன போட்டில் என்ஜின் நின்றது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. நங்கூரத்தைப் போட்டார்கள். ஆழம் 12 பாகம். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், ஏறத்தாழ 6 அடி. கையில் இருந்த கயிறு 20 பாகம். நங்கூரம் தரையைத் தொட்டது, ஆனால் பிடிக்கவில்லை. உழுதுகொண்டே போனது. போட் பின்னுக்குப் போகப் போக ஆழம் கூடியது, கயிறு நட்டுக்குத்தாக நின்றது. கடைசியில் 17 பாகம் அளவில் ஒரு பாரில் கொழுக்கி மாட்டியது. அந்தக் கல்லு அந்த இடத்தில் இருந்ததால் இரண்டு பேரும் இன்றைக்கு இருக்கிறார்கள்.

இஷாவுக்குப் பிறகும் போட் வரவில்லை என்றதும் மாமி கரைக்கு வந்தார். போன் எடுத்தால் சிக்னல் இல்லை என்ற குரல்தான். ஆட்கள் டோர்ச் அடித்துக்கொண்டு நின்றார்கள், அந்த வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். விடிந்த பிறகு நிந்தவூர்ப் போட் ஒன்று கண்டு இழுத்து வந்தது. பாரில் மாட்டிய நங்கூரம் எழும்பவில்லை, கயிறை வெட்டிவிட்டு வந்தார்கள். ஊர் முழுக்க "நங்கூரம் காப்பாத்திச்சு" என்றது. மாமா மட்டும், "இல்ல, கல்லுத்தான் காப்பாத்தின. நங்கூரம் ஓடிட்டுத்தான் இருந்த" என்றார்.

எங்கள் பக்கம் நங்கூரத்தை யாரும் பெரிதாக யோசித்து வாங்குவதில்லை. என்ஜினுக்கு யோசிப்பார்கள், வலைக்கு யோசிப்பார்கள். 2004 சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்கள் போனது எங்கள் மாவட்டத்தில். போட்டுகளும் போயின. நான் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். மாமாவுக்கு உதவியாக ஒரு ஃபைபர் போட் கிடைத்ததாம். போட் வந்தது, என்ஜின் வந்தது, நங்கூரம் வரவில்லை. ஒரு கல்லைத் தும்புக் கயிறில் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஓடினாராம்.

கல்லில் ஒரு கணக்கு இருக்கிறது. எந்தப் பொருளும் தான் விலக்குகிற தண்ணீரின் அளவுக்குப் பாரத்தை இழக்கும். 20 கிலோ கருங்கல் கடலுக்குள் ஏறத்தாழ 12 கிலோதான். கொங்கிறீட் கட்டி என்றால் இன்னும் குறைவு. 20 கிலோ இரும்பு 17 கிலோவுக்கு மேல் நிற்கும். இந்து சமுத்திரத்தில் ஓடிய பழைய அரபு, இந்தியக் கப்பல்களின் கல் நங்கூரங்களைப் பற்றி வாசித்தேன். நீளமான கல் தூண், அதன் கீழ்ப்பக்கம் இரண்டு சதுரத் துளை. அந்தத் துளைகளில் மரக் கொம்புகளைச் செருகுவார்கள். கல்லின் பாரம் மட்டும் போதாது, தரையைக் கிழித்துப் பிடிக்க ஒரு கொம்பும் வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. "நங்கூரம்" என்ற சொல்லும் பாரசீகத்து "லங்கர்" என்ற சொல்லில் இருந்து கடல் வழியாக வந்ததுதான்.

கடைக்குப் போனதும் மாமா இருந்ததிலேயே பாரமானதைத் தூக்கிப் பார்த்தார். அந்த இரவுக்குப் பிறகு யாரும் அப்படித்தான் செய்வார்கள். பக்கத்தில் நின்ற வயதான ஒரு மீனவர் சிரித்தார். "நங்கூரம் பாரத்தில பிடிக்கிற இல்ல மகன். தரையில படுத்துக் கிடக்கோணும். படுத்தாத்தான் பிடிக்கும்" என்றார்.

நான் பிறகு இணையத்தில் தேடி வாசித்ததெல்லாம் இந்த மூன்று வரியின் விளக்கம்தான். நங்கூரத்தைத் தரையோடு ஒட்டி இழுத்தால் கொம்பு மணலுக்குள் இறங்கும். இழுக்க இழுக்க ஆழமாகப் புதையும். மேல்நோக்கி இழுத்தால் கழன்று வரும். நாங்கள் நங்கூரத்தை எழுப்புகிறதே அப்படித்தானே? அப்படியென்றால் கேள்வி, கயிறு எந்தக் கோணத்தில் இழுக்கிறது என்பது. கயிறின் நீளம் ஆழத்தைப் போல 2 மடங்கு என்றால், இறுகி நிற்கிற கயிறு தரையோடு 30 பாகை கோணத்தில் இருக்கும். 3 மடங்கு என்றால் 19 பாகைக்குக் கொஞ்சம் மேல். 5 மடங்கில் 11 அல்லது 12 பாகை, 7 மடங்கில் 8 பாகை. அதனால்தான் சாதாரணக் கடலுக்கு 5 மடங்கு, காற்றடித்தால் 7 மடங்கு என்று சொல்கிறார்கள். ஆழத்தோடு போட்டின் முன்பக்க உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி அந்த இரவைப் பாருங்கள். ஆழம் 12 பாகம், கயிறு 20 பாகம். 2 மடங்குகூட இல்லை. எத்தனை கிலோ நங்கூரம் போட்டிருந்தாலும் உழுதுகொண்டுதான் போயிருக்கும்.

சங்கிலி இந்த இடத்தில்தான் வருகிறது. நங்கூரத்துக்கும் கயிறுக்கும் நடுவில் கொஞ்ச நீளம் சங்கிலி போட்டால் அது தரையில் படுத்துக் கிடக்கும், நங்கூரத்தின் தண்டையும் படுக்க வைக்கும். அலை போட்டைத் தூக்குகிறபோது முதலில் சங்கிலிதான் எழும்பும், வெட்டி இழுக்கிற வேகம் அதில் தணியும். பாரின் கல்லில் உரசினால் கயிறு அறுந்துவிடும், சங்கிலி அறாது. சின்னப் போட்டுக்குக் குறைந்தது போட்டின் நீளத்துக்காவது சங்கிலி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ வரும். 20 அடி வாங்கினால் எட்டரைக் கிலோ.

ஒரு மீட்டரின் விலையைக் கேட்டதும் மாமா சங்கிலியைத் திரும்பத் தட்டில் வைத்தார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. அன்றைக்குப் பிறகு எங்கள் பக்கம் எந்தச் செலவையும் எண்ணெயில் மாற்றித்தான் கணக்குப் பார்க்கிறார்கள். மச்சானுக்கு வேறு ஆசை இருந்தது. அந்தக் காசுக்கு மீன் காட்டுகிற கருவி ஒன்று வாங்கலாம் என்றான். தூண்டில் போடுகிறபோது நங்கூரம் பிடித்து நின்றால் என்ஜினை ஓட விட்டு இடத்தைப் பிடிக்கத் தேவையில்லை, எண்ணெய் மிச்சம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். முடிவெடுத்தது மாமி. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், "என்ஜினுக்கு உறை வாங்க ஏலும், இதுக்கு ஏலாதா? அந்த ராவு கரையில நின்றது நான்" என்றார். அடுத்த நாள் சங்கிலி வாங்கியாயிற்று.

வாங்குகிறபோது நாங்கள் பார்த்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். சங்கிலி கல்வனைஸ் பண்ணியதாக இருக்க வேண்டும். பூச்சு இல்லாத கறுப்பு இரும்பு உப்புத் தண்ணீரில் கெதியில் கரைந்துவிடும். ஒவ்வொரு வளையத்திலும் ஒட்டு முழுதாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சங்கிலியை நங்கூரத்தோடு பூட்டுகிற ஷெக்கல் சங்கிலியை விட ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். அதன் ஆணியைக் கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள். திருகு தானாகவே கழன்று நங்கூரம் மட்டும் கடலில் நின்றுபோன கதைகள் கரையில் நிறைய உண்டு.

கயிறில் கடைக்காரர் முதலில் காட்டியது மலிவான பொலிப்ரோப்பிலீன். அது தண்ணீரில் மிதக்கும். மிதக்கிற கயிறு நங்கூரத்தை மேல்நோக்கித்தான் இழுக்கும், கவனிக்காவிட்டால் காற்றாடியிலும் சுற்றும். நைலோன் தாழும், இழுபட்டு நீளும், அலையின் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். விலை கூட. மாமா நைலோன் 60 பாகம் வாங்கினார். அன்றைக்கு நின்ற 12 பாகத்தில் அது 5 மடங்கு.

நங்கூரம் எந்த வகை என்பதை அடித்தரை தீர்மானிக்கும். மணலுக்கும் சேற்றுக்கும் இரண்டு தட்டைத் தகடு மடங்குகிற டான்ஃபோர்த் வகை நல்லது. தன் பாரத்துக்கு மேல் பல மடங்கு பிடிக்கும். ஆனால் கல்லில் அது வழுக்கும். பாருக்கு நான்கு கொழுக்கி வைத்த நங்கூரம்தான் சரி. அது மாட்டினால் எழும்பாது என்பது மாமாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு அந்த வயதானவர் ஒரு வழி காட்டினார். சங்கிலியை நங்கூரத்தின் தலையில் பூட்டாமல் அடியில் பூட்ட வேண்டும். பிறகு தண்டு வழியாகக் கொண்டு வந்து தலையில் மெல்லிய கயிறால் கட்ட வேண்டும். மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்க, மெல்லிய கயிறு அறும், நங்கூரம் அடிப்பக்கமாகக் கழன்று வரும். ஆனால் தூண்டில் போடுகிற நேரத்துக்கு மட்டும்தான் இந்தக் கட்டு. இரவு தங்குவதென்றால் தலையிலேயே பூட்ட வேண்டும்.

மாமா இரண்டும் எடுத்தார். தகடு வகையைச் சாய்ந்தமருதில் ஒரு பழைய சாமான் கடையில், தண்டு வளையாமல் தகடு இலகுவாக மடங்குகிறதா என்று பார்த்து எடுத்தோம். கொழுக்கியை வெல்டிங் கடையில் கொங்கிறீட் கம்பியில் வளைப்பித்தோம்.

கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தும் எனக்கு இவ்வளவு நாளும் நங்கூரம் ஒரு கட்சிச் சின்னம், ஒரு கவிதைச் சொல், ஒரு பச்சை குத்துகிற டிசைன். மாமாவின் போட்டில் அது இரண்டு உயிர். நூஹ் நபியின் கப்பலில் ஏறும்போது ஓதிய துஆவை எங்கள் ஆட்கள் போட்டில் ஏறுகிறபோது ஓதுவார்கள். அதில் கப்பல் ஓடுவதும் சொல்லப்படுகிறது, நிற்பதும் சொல்லப்படுகிறது. எங்கள் கவனமெல்லாம் ஓடுவதில் போய்விட்டது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கடலுக்குப் போகிற யாராவது இருந்தால், இன்றைக்கே மூன்று கேள்வி கேளுங்கள். கயிறு எத்தனை பாகம்? நங்கூரத்தில் சங்கிலி இருக்கிறதா? கயிறின் மற்ற நுனி போட்டில் கட்டியிருக்கிறதா, அதுவும் முன்பக்கத்தில்? பின்பக்கம் கட்டினால் என்ஜின் பாரத்தில் ஏற்கெனவே தாழ்ந்து நிற்கிற இடத்தால் அலை உள்ளே ஏறும். சிரிப்பார்கள், "நீ என்ன கடலுக்குப் போறியா?" என்று கேட்பார்கள். பரவாயில்லை, கயிறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.