கேட்டால்தானே சொல்வது

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, வாயாலேயே ஒரு கதையை வளர்த்துச் செல்லும் விளையாட்டு மேற்கு நாடுகளில் உண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' அதற்கு வழி திறந்தது. வாளும் பூதமுமாக இருந்த அதிலிருந்து, பின்னாளில் கதைக்கே முதலிடம் கொடுக்கும் ஒரு கிளை பிரிந்தது. அதில் வென்றவர், தோற்றவர் என்று எவருமில்லை. பணயமும் இல்லை.

டொரொன்டோவில் தொழில் புரியும் என் ராத்தாவின் மகன், நோன்பு விடுமுறைக்கு வந்தபோது அப்படியொன்றைக் கொண்டுவந்தார். 'த குவயட் இயர்' என்பது அதன் பெயர். அமைதியான ஆண்டு என்று சொல்லலாம். கனடாவைச் சேர்ந்த எவரி ஆல்டர் எழுதி 2013இல் வெளிவந்தது. நெடும் போரொன்றிலிருந்து மீண்ட ஓர் ஊருக்கு ஒரேயொரு வருடம் நிம்மதி கிடைக்கிறது. குளிர்காலத்தில் 'பனி மேய்ப்பர்கள்' வருவார்கள். அவர்கள் யாரென்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. நடுவே ஒரு வெறுந்தாள். வாரத்துக்கு ஒரு சீட்டாக எடுத்து, அதில் கேட்கப்படுவதற்குப் பதில் சொல்லி, ஊரை வரைந்துகொண்டே போக வேண்டும்.

சீட்டுக்கட்டு வீட்டுக்குள் வருவதை ராத்தா விரும்பவில்லை. எனக்கும் அதில் உடன்பாடில்லை. அப்பியாசக் கொப்பியொன்றை 52 துண்டுகளாக வெட்டிக் கேள்விகளை எழுதிக்கொண்டோம். தாயக்கட்டையும் இதில் வாரங்களை எண்ணுவதற்குத்தான். பென்சிலால் இலக்கமிட்டால் போதும். தராவீஹ் முடிந்த பின் நான்கு இரவுகள் நால்வரும் அமர்ந்தோம்.

சகோதரிகளே, என்னை யோசிக்க வைத்தது இதிலுள்ள ஒரு சட்டம். தன் முறை வரும்போது ஒருவர் மூன்றிலொன்றைச் செய்யலாம்: புதிதாக ஒன்றைக் கண்டறியலாம், கலந்துரையாடலாம், அல்லது ஊருக்காக ஒரு வேலையைத் தொடங்கலாம். கலந்துரையாடினால் ஆளுக்கு ஒரு தடவை, ஓரிரு வசனம் மட்டும். முடிவெடுக்கக் கூடாது. வேலை தொடங்கினாலோ எவரையும் கேட்க வேண்டியதில்லை. நாம் மஷூரா என்று சொல்வதை வேண்டுமென்றே இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறார்கள்! பேசுபவர் முடிவெடுப்பதில்லை, முடிவெடுப்பவர் பேசுவதில்லை. தன்னைக் கேட்கவில்லையே என்று மனம் நொந்தவர் வாதாட முடியாது. நடுவிலிருந்து ஒரு வில்லையை எடுத்துத் தனக்கு முன்னால் எல்லோருக்கும் தெரிய வைக்கலாம், அவ்வளவுதான். நாங்கள் புளியங்கொட்டை வைத்திருந்தோம்.

ராத்தாவின் மகளுக்கு இருபது வயது. அதிகம் பேசாத பிள்ளை. முதல் இரவில் ஆற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையொன்றை அழகாக வரைந்தாள். மறுநாள் ராத்தா, ஊரின் பாதுகாப்புக்கென்று சுற்றிவர மதில் கட்டத் தொடங்கினார். ஆறு வாரத்தில் மதில் எழும்பியது, பாதை அடைபட்டது. மகள் ஒன்றும் சொல்லாமல் ஒரு கொட்டையை எடுத்தாள். மூன்றாம் இரவில் அவளுக்கு முன்னால் ஒன்பது இருந்தன.

"ஏன் மகள் இவ்வளவு? வாயத் தொறந்து சொல்லேலாதா?" என்றார் ராத்தா.

"கேட்டாத்தானே உம்மா சொல்ற."

அந்நாட்களில் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி, ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மேசையில் வேறெவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ராத்தா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யார்ட முறை?" என்றார்.

சஹர் வேளையில் தாயும் மகளும் குசினியில் நெடுநேரம் பேசினார்கள். நான் விசாரிக்கவில்லை. பெருநாளைக்கு வரவிருந்த மாப்பிள்ளை வீட்டாரை ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வரும்படி ராத்தாவே சொல்லியனுப்பியதை மட்டும் அறிவேன்.

விளையாடிப் பார்க்க எண்ணும் வீட்டாருக்கு: நால்வருக்கு மேல் வேண்டாம். ஓரிரு வசனம் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் மூத்தவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள். மௌலவிமார் இருந்தால் சொல்லவே வேண்டாம். கொட்டைகளைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்துவைத்த இருபதும் இலையுதிர் காலத்துக்கு முன்பே முடிந்துபோய், ராத்தா குசினியிலிருந்து இன்னுமொரு கைப்பிடி அள்ளிவர வேண்டியதாயிற்று.