முதுகறிந்து தைத்த சேணம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பேர்மிங்ஹாம் மாநகரிலிருந்து சில மைல் தொலைவில், வால்சால் என்றொரு நகரம் உண்டு. அந்நகரத்துக் காற்பந்தாட்டக் குழுவினருக்குச் 'சேணக்காரர்' என்பது பட்டப்பெயர். அப்பெயர் காரணமின்றி வந்ததன்று. கடிவாள இரும்பு, அங்கவடி, வார்ப்பூட்டு ஆகியவற்றைச் செய்யும் கொல்லர்கள் முதலில் அங்கே பெருகினர். அவர்களை அடுத்துத் தோல் வேலை செய்வோர் வந்து சேர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டிலே அவ்வூர்ச் சேணங்கள் உலகின் பல பாகங்களுக்கும் கப்பலேறின. மோட்டார் வண்டி வந்து குதிரையின் வேலையைப் பறித்த பின்னர் பட்டறைகள் பல மூடப்பட்டன. சில, கைப்பைகளும் பணப்பைகளும் தைக்கத் தொடங்கின. எனினும் சேணம் தைக்கும் கலை அவ்வூரை விட்டு முற்றாக நீங்கிவிடவில்லை. 1988ஆம் ஆண்டிலே தோற்றொழிலுக்கென ஒரு நூதனசாலையும் அங்கே திறக்கப்பட்டது.

தென்மராட்சியிலே பிறந்த என்னை வாழ்க்கை அந்நகரத்துக்கு அண்மையிலே கொண்டுபோய்க் குடியேற்றியது. சிறுவயதில் நான் குதிரையைக் கண்டது, நெடுந்தீவுக்குப் போன ஒரு தடவை மட்டுமே. ஐரோப்பியர் ஆண்ட காலத்திலே அங்கு வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை, கட்டுக்காவலின்றி வெட்டவெளியில் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் முதுகிலே சேணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே, சேணம் என்பது ஏறுபவர் வசதிக்காகப் போடும் ஓர் ஆசனம் என்ற அளவிலேயே என் அறிவு நின்றிருந்தது. அது முதலில் குதிரைக்கான பொருள், பின்னரே மனிதனுக்கான பொருள் என்பதை எனக்குக் கற்பித்தது என் மகளின் குதிரையே.

மகள் 10 வயதிலே குதிரையேற்றம் பழகத் தொடங்கினாள். சனிக்கிழமைகளில் ஒரு லாயத்திலே வேலை செய்து, கூலியைச் செலவழியாது சேர்த்துவைத்து, படிப்பு முடிந்த ஆண்டிலே ரோஸி என்னும் பெண்குதிரையை வாங்கினாள். ரோஸிக்கு அப்பொழுது வயது 9. உயரம் 14 கை 2 அங்குலம். குதிரைக்காரர் கணக்கிலே ஒரு கை என்பது 4 அங்குலம். அகன்ற முதுகு, தடித்த கால்கள், சாதுவான சுபாவம். ஆயினும் சேணத்தைக் கண்டவுடன் காதுகளைப் பின்னே மடித்துக்கொள்ளும். வயிற்றுவாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க முயலும். "பிடிவாதக் குணம்" என்று முன்னர் அதனை வைத்திருந்தவர் சொல்லியிருந்தார்.

அவ்வேளையிலே ஊரிலிருந்து என் தாயார் வந்து எங்களுடன் தங்கியிருந்தார். புதிய சேணம் தைப்பிக்க ஆயிரக்கணக்கான பவுண் செலவாகும் என்று கேட்டதும் திகைத்துப்போனார். "ஒரு தோலுக்கு இத்தனை காசோ?" என்று கேட்டார். குதிரையை ஒரு தரம் வந்து பாருங்கள் அப்பம்மா என்று மகள் அவரை லாயத்துக்கு அழைத்துச் சென்றாள். தாயார் குதிரையின் அருகே தயங்கித் தயங்கிப் போய், அதன் முதுகைக் கூர்ந்து நோக்கினார். கபில நிற மயிரினிடையே, தோள்களுக்கு மேலே இரு பக்கமும், உள்ளங்கையளவு இரண்டு வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. "பிள்ளை, இது எங்கள் வண்டில் மாட்டின் கழுத்திலே நுகம் தேய்ந்த தழும்பு மாதிரியல்லவா இருக்கிறது!" என்றார். அதன்பின் அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை.

அவர் சொன்னது முழுவதும் சரியே என்பது, சேணம் பொருத்துபவர் வந்தபொழுது தெரிந்தது. ஓரிடத்திலே இடைவிடாது அழுத்தம் பட்டால், மயிருக்கு நிறம் கொடுக்கும் நுண்ணிய பகுதிகள் அழிந்துவிடுகின்றன. பின்பு அங்கே முளைக்கும் மயிர் வெள்ளையாகவே முளைக்கும். ரோஸியுடன் வந்த பழைய சேணத்தை அவர் அதன் முதுகிலே வைத்துக் காட்டினார். அகன்ற முதுகுக்கு அச்சேணத்தின் சட்டம் ஒடுக்கமாயிருந்தது. கவட்டைக் கொம்பு கவ்வுவது போல இரு பக்கமும் கவ்விற்று. பிடிவாதம் என்று பெயர்பெற்றது வேதனை என்பது அப்பொழுது விளங்கியது. 'எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா' என்ற பழமொழியை நாம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். அதனைக் கண்ணாற் கண்டது அன்றுதான்.

வந்தவர் முதல் அரைமணி நேரம் என் மகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குதிரையைச் சமதரையில் நேராக நிற்கச் செய்தார். தோள்மேட்டின் மீதும், அதற்குப் பின்னே இரண்டு மூன்று இடங்களிலும், வளைந்து கொடுக்கும் அளவுகோலை அமர்த்தி, அந்த வளைவைத் தாளிலே பென்சிலால் வரைந்துகொண்டார். தோள் எலும்பின் பின்விளிம்பையும் கடைசி விலா எலும்பையும் விரல்களால் தடவிக் குறித்தார். குதிரைக்கு 18 சோடி விலா எலும்புகள். சேணம் தோளின் அசைவைத் தடுக்காமலும், கடைசி விலாவைத் தாண்டாமலும், அவ்விரண்டு எல்லைகளுக்குள்ளேயே அமர வேண்டும். "அப்பா, என்னை அளக்க மாட்டாரா?" என்று மகள் மெல்லக் கேட்டாள். அவர் நகைத்து, "உனக்கு நொந்தால் நீ சொல்வாய்; முதலில் சொல்ல மாட்டாததை அளப்போம்" என்றார்.

பின்பு அவளுடைய தொடையின் நீளத்தையும் இருக்கையின் அளவையும் பார்த்து, 17 அங்குல ஆசனம் போதுமென்றார். அவள் எவ்வகை ஏற்றம் பழகுகிறாள் என்றும் விசாரித்தார். தடை தாண்டுவோருக்குப் பக்கத்தோல் முன்னோக்கி வெட்டப்படும். ஒழுங்குநடை பயில்வோருக்கு அது நீண்டு நேராகத் தொங்கும். இரண்டையும் அளவோடு செய்பவருக்கு நடுத்தரமானது ஏற்றது. மகள் தெரிந்தெடுத்தது இந்த மூன்றாவது வகையே.

சேணத்தின் உயிர்நாடி வெளியே தெரியும் தோலன்று. உள்ளே மறைந்திருக்கும் சட்டம். ஆங்கிலத்திலே அதற்கு 'மரம்' என்றே பெயர். பீச் மரத்தின் மெல்லிய தகடுகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டி வளைத்து, உருக்கினால் வலுவூட்டுவது வழக்கம். இக்காலத்தில் செயற்கைப் பொருளாலும் செய்கிறார்கள். சட்டத்தின் அகலமும் வளைவும் தவறினால், மேலே எத்தனை அழகிய தோலைப் போர்த்தினாலும் பயனில்லை. சட்டத்தின் கீழே இரு பக்கமும் கம்பளி மயிர் திணித்த மெத்தைகள். அவற்றின் நடுவே முன்னிருந்து பின்வரை ஒரு வாய்க்கால். அவ்வாய்க்கால் மூன்று நான்கு விரல் அகலமாயிருந்து, முதுகெலும்பை எங்கும் தொடாமல் விட வேண்டும். ஏறியவர் அமர்ந்த பின்னரும் தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் புக வேண்டும். கனத்த துணியை அடியிலிட்டுக் குறையைச் சரிசெய்யலாம் என்பது தவறான நம்பிக்கை. காலை நெருக்கும் சப்பாத்துக்குள்ளே தடித்த காலுறை அணிந்தால் நெருக்கம் கூடுமேயன்றிக் குறையுமா?

தோலைத் தெரிவு செய்வதிலும் விஷயம் உண்டு. சேணத்தோல் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றிலே பதனிடப்பட்ட மாட்டுத்தோல். பழைய முறையிலே ஓக் மரப்பட்டை ஊறிய குழிகளில் தடித்த தோல் ஓராண்டு வரையிலும் கிடக்கும். நம்மவர் இதே வேலைக்கு ஆவாரம் பட்டையைக் கையாண்டனர். 19ஆம் நூற்றாண்டிலே அவ்வாறு பதனிட்ட சென்னைத் தோல்கள் இலண்டன் சந்தைக்குச் சென்றன. முதுகுப்புறத் தோல் இறுக்கமானது. வயிற்றுப்புறத் தோல் தளர்ந்து நீள்வது. ஆதலால் வயிற்றுவார் பூட்டும் பட்டிகளும் அங்கவடி வார்களும் இறுக்கமான பகுதியிலிருந்தே வெட்டப்பட வேண்டும். ஏறுபவரின் உயிர் அவற்றிலேதான் தொங்குகிறது.

இவ்வளவையும் கேட்பவர், எல்லோரும் புதுச்சேணம் தைப்பிக்க வேண்டும் போலும் என்று எண்ணக்கூடும். அப்படியன்று. முதுகுக்குப் பொருந்தும் பழைய சேணம், பொருந்தாத புதுச்சேணத்திலும் ஆயிரம் மடங்கு மேலானது. வளர்ந்து முடியாத இளங்குதிரைக்கு அளவெடுத்துத் தைப்பது வீண்செலவுமாகும். ரோஸி வளர்ந்து முடிந்தது, கடைச் சேணங்கள் அதன் அகன்ற முதுகிலே பொருந்தவில்லை, ஆகையினாலேயே தைப்பித்தோம். சில வாரங்கள் காத்திருந்தோம். வந்த சேணத்தை முதலில் துணியின்றி வைத்துப் பார்த்து, பின் மகளை ஏற்றி, நடை, ஓட்டநடை, பாய்ச்சல் மூன்றிலும் பார்த்த பிறகே பொருத்துபவர் திருப்தியடைந்தார்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்த குதிரைகளைப் பெருந்தொகையாக அரசர்கள் விலைக்கு வாங்கியதையும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றிற் பெரும்பகுதி விரைவிலேயே மடிந்ததையும் எழுதிவைத்தார். பொன் கொடுத்து வாங்குவது ஒன்று. வாங்கியதைப் பேணுவது வேறொன்று. சேணத்துக்கும் இது பொருந்தும்.

பேணும் முறை கடினமானதன்று, ஒழுங்குதான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கியபின், ஈரம் பிழிந்த துணியால் வியர்வையையும் சேற்றையும் துடைக்க வேண்டும். வியர்வையின் உப்பு தோலையும் தையலையும் மெல்லத் தின்னும். அதன்பின் சேணச் சவர்க்காரத்தைப் பஞ்சிலே எடுத்துத் தடவலாம். நுரை பொங்கினால் நீர் அதிகமென்று அறிக. நனைந்த சேணத்தை நெருப்பருகிலோ வெயிலிலோ காயவிடக் கூடாது, தோல் வெடிக்கும். நிழலிலே காற்றாட வைத்து, நன்றாகக் காய்வதற்குச் சற்று முன்னர் எண்ணெய்ப்பசையை மெல்லியதாகப் பூச வேண்டும். எண்ணெய் மிகுந்தால் தோல் தளர்ந்து, தையலும் இற்றுப்போகும். பிளாஸ்டிக் உறையிலே மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்; பருத்தித் துணியே சிறந்தது.

வாரந்தோறும் தையல்களையும் பட்டித் துளைகளையும் இழுத்துப் பார்க்க வேண்டும். இடப்புறமாக ஏறும் வழக்கத்தால் அந்தப் பக்கத்து அங்கவடி வார் நீளும். ஆகவே இரண்டையும் இடையிடையே மாற்றிப் பூட்ட வேண்டும். வார் தொங்கும் இரும்பின் முனைப்பூட்டு திறந்தே இருக்கட்டும்; விழுந்தவரின் கால் அங்கவடியில் அகப்பட்டால் வார் கழன்று அவரை விடுவிக்கும். சேணம் கீழே விழுந்தாலோ, குதிரை அதன்மேல் உருண்டாலோ, சட்டம் முறிந்ததா என்று அறிந்தவரிடம் காட்டாமல் மீண்டும் பூட்டலாகாது. கம்பளித் திணிப்பு முதற்சில மாதங்களில் அமுங்கும். குதிரையும் கோடையில் கொழுத்து மாரியில் மெலியும். வயதாக முதுகு பள்ளமாகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் பொருத்துபவரை அழைத்துப் பார்ப்பது இதனாலேதான். அளவெடுத்துத் தைத்தது என்ற பெருமை, அளவு மாறியபின் பயன்படாது.

புதுச்சேணம் வந்து நான்கு மாதத்தின் பின் ஒருநாள், மகள் அதனைக் கையிலெடுத்துக்கொண்டு வந்தபொழுது, ரோஸி காதுகளை மடிக்கவில்லை. வைக்கோலை மென்றபடியே நின்றது. பிள்ளைகளும் பிராணிகளும் முரண்டு பிடிக்கும்பொழுது, அவற்றின் மீது நாம் ஏற்றிவைத்த சுமை எங்கே அழுத்துகிறது என்று முதலில் பார்ப்பது நல்லது என்று அதன்பின் பல தடவை நினைத்திருக்கிறேன். அந்த வெள்ளை மயிர்த் திட்டுகள் மட்டும் இன்னும் மாறவில்லை. இனி மாறவும் மாட்டா. சேணம் வைக்கும் முன் மகள் ஒவ்வொரு நாளும் உள்ளங்கையால் அவ்விரண்டு இடங்களையும் தடவிப் பார்க்கிறாள்.